தனியாச் சொன்னியா?

முன்னறையிலிருந்து கைத்தடி ஊன்றும் ஓசை வந்தது. ஒரு தட்டு. மூச்சு வாங்கும் இடைவெளி. மறுபடி ஒரு தட்டு. பிறகு பூட்ஸில் ஒட்டிய பனியை உதறும் சத்தம். உள்ளறையில், லெம்பியின் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்த இர்யாவின் அரம் நின்றது.

அரம் நின்றது கைத்தடிக்காகவா, தன் வாய்க்காகவா என்று லெம்பிக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் தன் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்திருந்தாள்.

"போன கோடையில, சதுப்புக்காட்டுல மஞ்சப்பழம் காய்க்கிற எடத்த அவகிட்ட மட்டும்தான்டி சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கே சொன்னதில்ல. மறுநாள் போய்ப் பாத்தா மொட்டையா கிடக்கு. ஒத்தப் பழம் இல்ல."

"அவங்ககிட்ட தனியாச் சொன்னியாக்கா?"

"எதை?"

"பழத்தப் பறிச்சது நீதானே, எனக்கு மனசு வலிக்குதுன்னு."

"அவகிட்ட எதுக்குச் சொல்றது? அவளுக்குத்தான் தெரியுமே."

"அப்ப எனக்குத் தெரிய வேணாம்."

அரம் அந்தரத்திலேயே நின்றது. ஒரு குதிகால் வழவழவென்றும் இன்னொன்று பித்தவெடிப்போடும் எப்படி வீட்டுக்குப் போவது? லெம்பி பெருமூச்சு விட்டு, பேச்சை வானிலைக்கு மாற்றினாள். அரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

வடதுருவத்தை ஒட்டிய கொர்பிவாரா ஊரில் இது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். இர்யா கால் வைத்தியம் செய்கிறவள். தடித்த நகம், காலாணி, நகச்சுத்தி, சர்க்கரை நோயால் மரத்துப்போன விரல்கள் என்று எதுவானாலும் அவளுடைய சாய்வு நாற்காலியில் வந்து உட்காருவார்கள். வெந்நீரில் கால் ஊறினால் மனிதனுக்கு நாக்கும் ஊறிவிடும். மருமகளைப் பற்றி, பக்கத்துக் காட்டுக்காரனைப் பற்றி, ஜெபவீட்டில் யார் யாரை முறைத்தார்கள் என்பது பற்றி எல்லாம் பொங்கி வரும். அப்போது இர்யா கையை எடுத்துவிட்டு அந்த ஒரே கேள்வியைக் கேட்பாள். பதில் 'இல்லை' என்றால் பேச்சும் இல்லை, வைத்தியமும் இல்லை. மாடு வாங்கியதில் தகராறு செய்த இரண்டு அண்ணன் தம்பிகள், பாதி வெட்டிய நகத்தோடு அவள் வாசலிலேயே நின்று பேசித் தீர்த்துக்கொண்டு உள்ளே வந்த கதை ஊரில் உண்டு.

கேள்வி அவளுடையதல்ல, வேதத்தினுடையது. சகோதரன் உனக்குத் தப்புச் செய்தால் முதலில் அவனிடம் தனியாகப் போய்ச் சொல். கேட்காவிட்டால் இரண்டு மூன்று பேரோடு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். ஆண்டவர் வரிசையாகத்தானே சொன்னார் என்பாள் இர்யா. மாடிக்கு ஏறுகிறவன் முதல் படியைத் தாண்டிக் குதித்தால் முட்டிதான் பெயரும்.

அவளுக்கு வேதம் என்பது விளக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொருள் அல்ல. எழுதியிருந்தால் எழுதியபடி. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறதா, அவள் வீட்டு ஆணியில் ஒரே ஒரு குளிர்கால அங்கிதான் தொங்கும். பிள்ளைகள் புதிது வாங்கி அனுப்பினால், பனி கரைவதற்குள் ஏதாவது ஒன்று யார் முதுகிலாவது ஏறிவிடும். ஒன்பது பிள்ளைகளும் ஒருவழியாகப் புத்தி தெளிந்து, இப்போதெல்லாம் கம்பளிக் காலுறை மட்டுமே அனுப்புகிறார்கள். காலுறையைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை.

ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை. 'பார்க்கலாம்' என்ற சொல் அவள் வாயில் வராது. சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கோபம் தணியவேண்டும் என்பதும் அந்த வீட்டில் அப்படியே சட்டம். கணவர் வெய்க்கோ இதில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "சண்டைய ஜூன் மாசத்துக்கு ஒத்தி வெச்சுக்கலாம் இர்யா. அப்ப சூரியன் மறையாது, ராப்பகலா ஆற அமரப் போடலாம்." அதற்கு அவள் சொல்லுவாள்: "டிசம்பர்ல என்ன பண்ணுவீங்க? சூரியன் எட்டியே பாக்காது, வாயத் தெறக்கவே கூடாது." அந்த வீட்டில் டிசம்பர் மாதங்கள் உண்மையிலேயே அமைதியாகத்தான் கழிந்தன.

இப்படிப்பட்டவளின் நெஞ்சுக்குள் ஒரு கோபம், ஆயிரமாயிரம் அஸ்தமனங்களைப் பார்த்தபடி, ஆறாமல் கிடந்தது. அந்தக் கோபம்தான் இப்போது முன்னறையில் உட்கார்ந்து மெல்ல பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் தாவெத்தி. வயது எண்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் ஜெபவீட்டின் பிரசங்கியார்.

லெம்பி காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அவரோட மக வந்து சாமானெல்லாம் கட்டிட்டா. ஞாயித்துக்கிழமை ஔலு பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போறாளாம். இனி இந்தப் பக்கம் வரமாட்டார்."

"கேள்விப்பட்டேன்."

"சுகாதார நிலையத்துல காசில்லாம நகம் வெட்டுறாங்க. இந்த மனுஷன் இத்தனை வருஷமா தடியூன்றி இங்கதான் வர்றார். காலுக்காகவா வர்றார்?"

இர்யா துண்டை மடித்தாள்.

லெம்பி எழுந்து தலைக்குட்டையைக் கட்டினாள். பழத்தின் கோபமா, பாதியில் நிறுத்தப்பட்ட பேச்சின் கோபமா, இல்லை உண்மையான அக்கறையா, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்குறியே. நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அவர்கிட்ட நீ தனியாச் சொன்னியாடி?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அவளைத் தாண்டி உள்ளே வந்த கிழவர், வழக்கம்போல் தலையைத் தாழ்த்தி, "தேவ சமாதானம், இர்யா" என்றார்.

வழக்கம்போல் இர்யா சொன்னாள்: "நல்ல நாள்."

அந்த ஊரில் இந்த இரண்டு வாழ்த்துக்கும் நடுவில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. விசுவாசி விசுவாசிக்குச் சொல்வது 'தேவ சமாதானம்'. வெளியாளுக்கு, தபால்காரருக்கு, வழி கேட்கும் உல்லாசப் பயணிக்கு 'நல்ல நாள்'. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் நேற்றுவரை 'தேவ சமாதானம்' கேட்ட காதில் இன்று 'நல்ல நாள்' விழுந்தால், அதைவிடப் பெரிய அறை வேறு கிடையாது.

அந்த அறையை வாங்கியவர் இர்யாவின் அப்பா ஏலிஸ். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பது அவர் தொழில். ஊருக்குப் புதிதாக வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். விசுவாசிகளின் வீட்டுக்குள் தொலைக்காட்சி வரக்கூடாத காலம் அது. பெட்டி இருந்தது வீட்டில் அல்ல, கொட்டகையில். அவர் பார்க்கவில்லை, ரிப்பேர் செய்தார். யாரோ பார்த்தார்கள், யாரோ சொன்னார்கள். ஒரு மாலை ஜெபவீட்டில் எல்லோருக்கும் முன்னால் அவரை நிறுத்தி விசாரித்தார்கள். மனந்திரும்பு என்றார்கள். "வயரைத் தொட்டதுக்கு எப்படி மனந்திரும்புறது?" என்று அவர் கேட்டாராம். அவர் பாவம் அவர்மேலேயே கட்டப்பட்டது, இனி அவர் வெளியாள் என்று அறிவித்தவர் இளம் பிரசங்கி தாவெத்தி.

இர்யா அப்போது சிறுமி. அன்று குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டம் முடிந்து அம்மா மட்டும் வந்தாள். அப்பா ஜெபவீட்டின் வெளிப்படியில் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து வர மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டு, அடுப்பை நோக்கித் திரும்பி நின்றுகொண்டாள். அங்கே யார் என்ன சொன்னார்கள் என்பதை அந்த வீட்டில் பிறகு யாரும் பேசியதில்லை.

மறுநாள் முதல் ஊர் அவருக்கு 'நல்ல நாள்' சொன்னது. அவரோ ஒவ்வொருவருக்கும் 'தேவ சமாதானம்' என்றே பதில் சொன்னார். கடையில், படகுத்துறையில், ஜெபவீட்டின் கடைசி பெஞ்சில், சாகும்வரை. பல வருஷங்கள் கழித்து, அந்தக் காலத்தில் சில தவறுகள் நடந்துவிட்டன என்று பெரியவர்கள் பொதுவாக அறிவித்தார்கள். பொதுவாகப் பூசிய களிம்பு யார் காயத்திலும் ஒட்டவில்லை.

இர்யாவைத் தின்றது ஒன்றே ஒன்றுதான். வரிசை. அப்பாவிடம் ஒருவர்கூட முதலில் தனியாக வந்து பேசவில்லை. வந்திருந்தால் அவர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார், காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். முதல் படியைத் தாண்டிக் குதித்தார்கள், பெயர்ந்தது அவள் அப்பாவின் முட்டி. ஊரையெல்லாம் அவள் அந்த ஒரு கேள்வி கேட்டு வந்ததற்கு வேர் இங்கே இருந்தது.

தாவெத்தி நாற்காலியில் சாய்ந்தார். இர்யா டப்பில் வெந்நீர் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்து, அவர் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். மரத்துப்போன கால்கள். சூடு தெரியாது, குத்தினால் வலி தெரியாது. அவர் கால்களை அவள் ஒருநாளும் அசட்டையாகப் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து விரல் இடுக்குகளில் சின்னக் கீறல்கூட விடாமல் தேடுவாள். உரசாமல் இருக்க ஆட்டு ரோமத்தைப் பிய்த்து விரல்களுக்கு நடுவே வைப்பாள். பகைவன் பசித்திருந்தால் போஜனம் கொடு என்று எழுதியிருக்கிறது, கால் மரத்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளே ஊகித்துக்கொண்டாள். வாழ்த்தை மட்டும்தான் கொடுக்கவில்லை.

கூரை விளிம்பிலிருந்து பனி உருகிச் சொட்டியது. மார்ச் வெயில் ஜன்னலில் கூசியது.

"ஔலுல மாடி வீடாம்," என்றார் தாவெத்தி. "லிப்ட்டு இருக்காம். மக சொல்றா."

"ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கால் வைத்தியத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் அவரை 'ஐயா' என்று அழைத்ததில்லை. 'காலைத் தூக்குங்க', 'காலை இறக்குங்க', அவ்வளவுதான்.

இர்யா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு தனியாச் சொல்லணும். முன்னாடியே சொல்லிருக்கணும், சொல்லாதது என் தப்பு. நீங்க எங்கப்பாவ சபை முன்னாடி நிறுத்தினீங்க. அதுக்கு முன்ன ஒருதடவை, ஒரே ஒருதடவை வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாம். நீங்க வரல. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் போகல. உங்களுக்கு 'நல்ல நாள்' சொல்றேனே, அது பழக்கத்துல வர்றதில்ல. வேணும்னே சொல்றேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"அந்த 'நல்ல நாள'க் காதால கேக்கத்தான் வந்தேன். எனக்கு அதுதான் சரின்னு தோணுச்சு."

வெளியே வெய்க்கோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. தாவெத்தி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார்.

"நான் வந்தேன், இர்யா."

அவள் கை தண்ணீருக்குள் நின்றது.

"பெரியவங்க என்னைத்தான் அனுப்பினாங்க. முதல்ல தனியாப் போய்ப் பேசுன்னு. வரிசையெல்லாம் அவங்களுக்குத் தெரியும். நான் பனியில நடந்து உங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் வந்தேன். உள்ள விளக்கு எரிஞ்சுது. உங்கப்பா மேசைக்கிட்ட உக்காந்து பாட்டு சொல்லிக்குடுத்துட்டு இருந்தார். நீங்க எல்லாம் பாடுனீங்க. ரெட்ட ஜடை போட்ட ஒரு பொண்ணு அவர் மடியில சாஞ்சிருந்துச்சு."

ரெட்டை ஜடை போட்டவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

"கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தட்டி உள்ள வந்தா அந்த மனுஷன் மேல எந்தக் குத்தமும் இல்லைன்னு நான் திரும்பிப் போய்ச் சொல்லணும். புதுப் பிரசங்கி. எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க. பயந்துட்டேன். திரும்பிட்டேன். கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, 'தனியாப் போய்ப் பேசினேன், அவர் கேக்கல'ன்னு சொன்னேன்."

"பொய் சொன்னீங்க."

"பொய்தான்."

"அப்பா அங்கதானே இருந்தார்? இல்ல, வரலன்னு அவர் சொல்லலையா?"

"அதான்." கிழவரின் கண்ணிலிருந்து நீர் தாடைக்கு இறங்கியது, அவர் துடைக்கவில்லை. "என்னைப் பாத்தார். ஒரே வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கயே ஒழிஞ்சிருப்பேன். சொல்லல. தொப்பிய எடுத்துட்டு வெளிய போய்ப் படியில உக்காந்துட்டார். மறுநாள் ரோட்டுல எதிர்ல வந்தார். நான் கண்ணத் தாழ்த்திட்டு 'நல்ல நாள்'னேன். அவர் என் பேரைச் சொல்லி, 'தேவ சமாதானம், தாவெத்தி'ன்னார். திட்டியிருந்தா மறந்திருப்பேன். அதை மறக்க முடியல."

இர்யா அவர் காலை விட்டுவிட்டு எழுந்தாள். ஜன்னல் அருகே போய் நின்றாள். இத்தனை காலம் அவள் சுமந்தது, தாண்டிக் குதித்த ஒரு படியின் கோபம். இன்று அவர் அவள் கையில் வைத்தது அதைவிடப் பெரிய பாரம். அப்பாவின் வாயை யாரும் அடைக்கவில்லை, அவரே மூடிக்கொண்டார். அதுவும் இந்த மனிதனுக்காக. வீட்டில் அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை. என்ன மனிதர் அவர்? கேட்க ஆள் இல்லை.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"நம்பலாமா, இர்யா?"

அது மன்னிப்புக் கேட்பதற்குரிய வார்த்தை. அந்த ஊரில் மன்னிப்பு மனதுக்குள் கொடுக்கிற பொருள் அல்ல. ஒருவர் 'நம்பலாமா' என்று கேட்கவேண்டும், மற்றவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லாம் மன்னிக்கப்பட்டது, நம்பு என்று காதில் சொல்லவேண்டும். கேட்காதவருக்குச் சொல்ல முடியாது. கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த நாற்காலியில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் தம்பிகளுக்கு, குடித்துவிட்டு அழுத லாரிக்காரனுக்கு, பெற்ற பிள்ளைகளுக்கு என்று யாருக்கும் அவள் தயங்கியதில்லை. அவள் நாக்கில் பழகித் தேய்ந்த வார்த்தைகள் அவை.

இன்று அந்த நாக்கு எழவில்லை.

"தண்ணி ஆறிப்போச்சு," என்றாள்.

வேறு தண்ணீர் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த நகங்களை வெட்டினாள். ஒவ்வொரு விரலிடுக்கையும் துண்டின் நுனியால் ஒற்றினாள். களிம்பு தடவினாள். ரோமத்தைப் பிய்த்து வைத்து, காலுறையைச் சுருக்கமில்லாமல் ஏற்றிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வேலை எல்லாம் முடிந்தது. தெரிந்த வார்த்தை மட்டும் தொண்டையிலேயே கிடந்தது. அவரும் மறுபடி கேட்கவில்லை. தடியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

இர்யா டப்பைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கைகளில் சோப்பு நுரை. சுவருக்கு அப்பால் பூட்ஸ் போடும் முனகல் கேட்டது. அங்கியைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் சரசரப்பு. தடியின் தட்டு. கதவின் கைப்பிடி திரும்பியது.

பிறகு அவர் குரல் வந்தது, மிகத் தணிவாக, மரியாதையாக.

"நல்ல நாள், இர்யா."

அவள் குழாயை மூட மறந்தாள். வாழ்நாள் முழுதும் விசுவாசி வீட்டு வாசலில் 'தேவ சமாதானம்' சொல்லிப் போன வாய் அது. இன்று அவரே தன்னை வெளியாள் வரிசையில் நிறுத்திக்கொண்டார். ஜெபவீட்டின் வெளிப்படியில், ஏலிஸுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாழ்த்துக்கு என்ன பதில் என்று ஏலிஸ் வீட்டில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையைத் துடைக்காமல் முன்னறைக்கு வந்தாள்.

"தேவ சமாதானம், தாவெத்தி."

எட்டிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் குனிந்தார், தடி கீழே விழுந்தது. அவள் காதோடு சொன்னது நீளமான பேச்சு அல்ல. பிறகு குனிந்து தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கதவு திறந்தது. சொட்டும் பனியின் ஓசையும் வெயிலும் உள்ளே வந்தன. கிழவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். சாம்பல் நிற அங்கியின் பின்கழுத்தில், விரல்கள் விரிந்தபடி, சோப்பு நுரையோடு இரண்டு ஈரக் கைத்தடங்கள். அவருக்கு அது தெரியாது. இர்யா அவற்றை வெளிக்கேட்டின் வளைவுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கதவைச் சாத்தினாள்.